அறுபதாம் நாள் ரீடிங்

"உக்காருங்க சார், ரிசல்ட் வந்ததும் கூப்பிடுவாங்க" என்று செக்யூரிட்டி மூன்றாவது தடவையாகச் சொன்னார். தனுஷ்கோடி மூன்றாவது தடவையாகத் தலையை ஆட்டிவிட்டு நடையைத் தொடர்ந்தான். ஸ்கேன் அறைக் கதவிலிருந்து தண்ணீர் ஃபில்டர் வரைக்கும் முப்பத்திரண்டு அடி, ஃபில்டரிலிருந்து கதவுக்கு முப்பத்தொன்று. போகும்போது ஒன்று கூடுகிறது, வரும்போது ஒன்று குறைகிறது, கதவைப் பார்த்து வரும்போது கால் எட்டிப் போடுகிறது போல. அவனுக்காகவே போட்டு வைத்த மாதிரி பதினான்கு நீல நாற்காலிகள் சுவரோரமாக இருந்தன, அதில் பத்து காலி. இருபத்தோரு வருஷம் தபாலாபீஸ் நாற்காலியை விட்டு அசையாத மனுஷனுக்கு இன்றைக்கு ஒரு நாற்காலியும் பிடிக்கவில்லை. உட்கார்ந்தால் ஏதாவது ஆகிவிடும், கடைசி நிமிஷத்தில் ஈரலில் ஒரு துளி கொழுப்பு போய் ஒட்டிக்கொள்ளும். படம் எடுத்து முடித்தாயிற்று, இனி ஒட்டினாலும் படத்தில் தெரியப்போவதில்லை, அது அவனுக்கும் தெரியும், ஆனாலும் உட்கார மனசு வரவில்லை. மூன்றாவது மாடியில் அக்கா படுத்திருக்கிறாள். உடம்பே தன் ஈரலைத் தானே தின்கிற வியாதியாம் அவளுக்கு, ஒரு தப்பும் செய்யாதவளுக்கு வருகிற வியாதி. அவனுடைய ஈரலில் பாதியை வெட்டி அவளுக்கு வைத்தால் பிழைப்பாள், ரத்த வகை சேர்ந்தது அவனுக்கு மட்டும்தான், அக்கா மகளுக்குச் சேரவில்லை, சேர்ந்திருந்தாலும் கோயம்புத்தூரில் ஏழு மாசக் கர்ப்பமாக இருக்கிறவளை எப்படி வெட்டுவது. அவனை வெட்டலாம். ஆனால் கொழுப்புப் படிந்த ஈரலை வெட்டி வைக்க முடியாது. போன தடவை படம் எடுத்தபோது கால்வாசிக்கு மேல் கொழுப்பு, குறைத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும் என்று அறுபது நாள் கொடுத்தார்கள். இன்றைக்கு அறுபதாவது நாள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, ஃபில்டர். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினான். அந்த வடையை மட்டும் தின்றிருக்கக் கூடாது.

அந்த வடை எங்கே போயிருக்கும். நாற்பத்தோராவது நாள், தலைமை எழுத்தர் பணி ஓய்வு பெற்ற அன்றைக்கு, தட்டில் வைத்து நீட்டினார்கள், உளுந்து வடை, விளிம்பு மொறுமொறுவென்று, நடுவில் ஒரு மிளகு தெரிய. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவன், திறந்த வாயிலேயே போட்டுக்கொண்டான். ஒரே ஒரு வடை. ஆனால் ஒரு வடைக்கு எவ்வளவு எண்ணெய், எண்ணெய் இரைப்பைக்குப் போய் அங்கேயிருந்து நேரே ஈரலுக்குத்தான் வருமா, வந்து பத்தொன்பது நாளும் அங்கேயே குந்தியிருக்குமா. முன்னெல்லாம் ஒரு வடையை யார் எண்ணினார்கள். பதினோரு மணிக்கு இரண்டு, நாலு மணிக்கு இரண்டு, பாஸ்புக்கில் பதிவு போட வருகிற பெரியவர்கள் அன்பாக வாங்கிக்கொண்டு வந்து கவுன்டர் இடுக்கு வழியாக நீட்டுகிற போண்டா தனி. எழுந்து போய் வாங்க வேண்டிய கஷ்டம்கூட இல்லை. நல்ல நாற்காலி அது, சக்கரம் வைத்தது. மாதம் ஒரு தடவை தேங்காயெண்ணெய் விட்டு வைத்திருப்பான். ஒரு காலால் தரையை உந்தினால் அலமாரி, இன்னொரு உந்து உந்தினால் எடைபோடும் மிஷின், திரும்ப ஒரு உந்து, கவுன்டர். ஆபீஸில் அவனுக்குக் கூட்ஸ் வண்டி என்று பெயர், அவனுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, எழுந்திருக்காமலே எல்லா வேலையையும் முடிக்கிறவன் கெட்டிக்காரன் இல்லாமல் வேறென்ன. வீட்டுக்குப் போக வண்டி, தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்க வண்டி. வீட்டில் டிவிக்கு நேரே ஒரு நாற்காலி, தட்டு அங்கேயே வரும், கை கழுவக் கிண்ணமும் அங்கேயே வரும். செண்பகம் ஒரு நாள் சிரித்துக்கொண்டே "உங்களுக்குத் தீபாராதனை ஒண்ணுதான் காட்டல" என்றாள். அவன் ஒன்றும் பிறக்கும்போதே கூட்ஸ் வண்டி இல்லை. இருபத்தைந்து வயசு வரைக்கும் சைக்கிளில் தபால் பையை மாட்டிக்கொண்டு ஆறு கிராமம் சுற்றினவன், இடுப்பில் பெல்ட் நிற்காது. பரீட்சை எழுதிக் கவுன்டருக்கு வந்த அன்றைக்குத் தெருவே சந்தோஷப்பட்டது, உட்கார்ந்து சாப்பிடுகிற வேலை கிடைத்துவிட்டது என்று. அப்பா ஆபீஸ் வாசலில் நின்று, தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வெயிலில் ஜவுளி மூட்டை தூக்கினவர், மகன் நிழலில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. உட்கார்ந்து சாப்பிடுவதில் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் எல்லோருக்கும் யோசனை இருந்தது, உட்காருவதைப் பற்றி ஒருவருக்கும் இல்லை.

முதல் ஸ்கேன் முடிந்த அன்று டாக்டர் இம்மானுவேல் படத்தைத் திருப்பிக் காட்டி, "சார், குடிப்பீங்களா?" என்று கேட்டார். "டீதான் டாக்டர்" என்றான் இவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செண்பகம் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த பிறகும் ஒரு நிமிஷத்தில் குற்றவாளி ஆக்கிவிட்டாள். வெளியே வந்ததும் முதல் கேள்வி, "உண்மையச் சொல்லுங்க, எங்கிட்ட ஒளிச்சுக் குடிச்சீங்களா?" இல்லை தாயே, உட்கார்ந்தேன், அவ்வளவுதான். டாக்டரும் அதைத்தான் சொன்னார், குடிக்காதவங்களுக்கும் வரும், நாள் பூரா உட்கார்ந்திருக்கோம், தின்னது செலவாகல, இடுப்புல கொஞ்சம் வைக்கும், மிச்சத்த ஈரல்ல வைக்கும், வேற எங்கதான் வைக்கும் பாவம். அவனுக்கு அந்தப் பாவம் என்ற சொல் பிடித்திருந்தது. வையாமல் சொன்னார். தொண்ணூற்று நாலு கிலோ, பத்து கிலோ குறைக்க முடியுமா, பட்டினி கிடக்காதீங்க, நடங்க, சோத்தப் பாதியாக்குங்க, எண்ணெய விடுங்க, ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி எடுத்துப் பாக்கலாம். அக்காவிடம் வந்து எப்படிச் சொல்வது என்று வாசலில் செருப்பைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி நின்றான். அக்கா குருவம்மாவுக்கு மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை, மச்சான் கரண்ட் கம்பத்திலேயே போய்ச் சேர்ந்த பிறகு கொடுத்த வேலை. இருபத்து மூன்று வருஷம் குடையும் கையுமாக அருப்புக்கோட்டையின் பாதித் தெருவை நடந்து அளந்தவள். அவளிடம் போய், நீ நடந்து நடந்து தேய்ந்தாய், நான் உட்கார்ந்து உட்கார்ந்து ஊதினேன், உனக்கு வேண்டியதை நான் கெடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு மாசமா? நாங்க வீட்டுக்கு வீடு ரீடிங் எடுக்குற கணக்குத்தான். அடுத்த ரீடிங்குல கொறச்சுக் காட்டுவோம், விடு" என்றாள். அவனை விட அவளுக்குத்தான் வயிறு பெரிதாக இருந்தது அப்போது, நீர் கோத்து, கண் மஞ்சளாக.

செக்யூரிட்டி இப்போது அவனைப் பார்க்காமல் செல்ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், அவருக்கும் நாள் பூரா ஸ்டூல்தான், தொப்பை நீலச் சட்டையின் மூன்றாவது பொத்தானை இழுத்துக்கொண்டிருந்தது. எழுந்து நடங்க அண்ணே என்று சொல்லத் தோன்றியது. சொல்ல என்ன யோக்கியதை. முப்பத்தொன்று, கதவு. கதவுக்கு மேலே கடிகாரம், பத்து ஐம்பத்தைந்து. இடது கையில் பழைய வாட்ச், வலது கையில் இப்போது ஒன்றும் இல்லை, ஆனால் அந்த மணிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் கறுப்புப் பட்டை கட்டியிருந்தது ஞாபகம் வருகிறது. அக்கா மகள் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பி வைத்த, நடக்கிற அடியை எண்ணிக் காட்டுகிற பட்டை, மாமா தினமும் பத்தாயிரம் அடி காட்டணும், காட்டினா எனக்குப் படம் எடுத்து அனுப்பணும். இடது கையில் வாட்ச் இருந்ததால் வலது கையில் கட்டினான். முதல் நாள் ஆபீஸ் முடிந்து பார்த்தால் ஒன்பதாயிரத்து எண்ணூறு. அட என்று இருந்தது. ஆபீஸுக்குள் அப்படி இப்படி நடப்பதே இவ்வளவு வருகிறது, தன்னை அநியாயமாகச் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பதினோராயிரம். படம் எடுத்து அனுப்பினான், அவள் கை தட்டுகிற பொம்மைகளாக அனுப்பினாள். இவ்வளவு நடக்கிறவன் தெம்பாக இருக்க வேண்டாமா என்று ராத்திரிக்கு இரண்டு இட்லி கூட்டிக்கொண்டான். பன்னிரண்டு நாள். அறுபதில் பன்னிரண்டு. இப்போது அந்தப் பன்னிரண்டு நாள் கையில் இருந்தால் இந்த முப்பத்திரண்டு அடிக்குள் இப்படிக் கிடந்து அலைய வேண்டியதில்லை. முப்பத்திரண்டு, ஃபில்டர்.

பதின்மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். அவள் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தாள். "எம்புட்டு காட்டுது?" என்றாள். "நேத்து பதினோராயிரத்து நானூறு." "எடை?" அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அரை கிலோ கூடியிருக்கு" என்றான். அக்கா விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். "பதினோராயிரம் அடின்னா ஏழெட்டு கிலோமீட்டர் வருமேடா. நான் பாவடித் தெருவுல ஆரம்பிச்சு உப்போடை வரைக்கும் வீடு வீடா ஏறி இறங்குனாக்கூட அம்புட்டு வராது. எந்தப் பக்கம் நடந்த?" "ஆபீஸ்லதான்க்கா, அங்கிட்டும் இங்கிட்டும்." "செருப்பக் கொண்டா." வாசலில் கிடந்த செருப்பை எடுத்து வந்தான், அக்கா கையில் செருப்பைக் கொடுக்கவே கூச்சமாக இருந்தது. அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த வரிவரிக் கோடு அப்படியே இருந்தது. "மீட்டரு ஓடுது, வீட்டுல லைட்டு எரியல" என்றாள். "எங்கயோ கோளாறு இருக்கு. ஆபீஸ்ல கையால என்னடா செய்வ?" "முத்திரை குத்துவேன்." "இந்தா, குத்து." தலையணையை இழுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் முஷ்டியை மடக்கி, மைப்பெட்டியில் ஒன்று, கவர் மேல் ஒன்று, டக் டக், டக் டக், இருபது வருஷப் பழக்கம், தபால் முத்திரை குத்துகிற கைக்கு என்று ஒரு தாளம் உண்டு. அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். எண் ஏறியிருந்தது. இன்னும் குத்தச் சொன்னாள். இன்னும் ஏறியது. கவருக்கு இரண்டு அடி வீதம் தனுஷ்கோடி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டு நாளில் கிட்டத்தட்டத் திருச்செந்தூர் வரைக்கும் போய்விட்டிருந்தான். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கும் அவளுக்கு, இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "ஐயோ சாமி, ஐயோ சாமி" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் அவனுடைய சிரிப்பு பாதியில் நின்றது, அது ஏன் நின்றது என்று இந்த நிமிஷம் வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

நின்றது ஏனென்றால் அவனுக்கு முன்னாலேயே தெரியும். நாலாவது நாள், மத்தியானம், மழை, கவுன்டரில் ஆள் இல்லை, பதிவுத் தபால் கட்டு ஒன்றை எடுத்துக் குத்திக்கொண்டிருந்தவன் தற்செயலாக மணிக்கட்டைப் பார்த்தான். எண் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எங்கேயும் நடக்கவில்லை, எண் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு என்ன செய்தான். சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டான். அவ்வளவுதான், ஒரு வினாடி வேலை. அதற்குப் பிறகு எட்டு நாள் சட்டைக் கையை மூடியபடியே குத்தினான், சாயங்காலம் திறந்து படம் எடுத்து அனுப்பினான். சோம்பல் என்று சொல்லிக்கொள்ளலாம், சோம்பலாக இருந்தால்கூட நல்லதுதான், ஆனால் அது சோம்பல் இல்லை. கத்தி. இங்கே ஆரம்பித்து இப்படி வளைத்து இங்கே வரைக்கும் கீறுவோம் என்று டாக்டர் தன் சட்டை மேலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினாரே, அந்தக் கோடு. வெட்டினால் ஈரல் திரும்ப வளர்ந்துவிடும், மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடும், எல்லாம் சொன்னார்கள், இவனும் தலையை ஆட்டினான். ஆனால் மயக்க மருந்து கொடுத்து எழுந்திருக்காமலே போனவர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள், செண்பகம் ஒன்றும் கேட்காமல் சாமி படத்துக்கு முன்னால் கூடுதலாக ஒரு நிமிஷம் நிற்கிறாள். கொழுப்பு குறையவில்லை என்றால் யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. நான் கொடுக்கத்தான் நினைத்தேன், ஈரல் சரியில்லை, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். கொழுப்பு அவனுக்கு முன்னால் கதவை அடைத்துக்கொண்டு நின்றது, அவனும் அதன் பின்னால் ஒளிந்து நின்றான். சிந்தனை அங்கே போனதும் கால் நின்றுவிட்டது. பதினேழாவது அடியில் நடு நடையில் நின்றான். இப்போது கூட, இந்த நிமிஷம் கூட, கதவு திறந்து சரியில்லை என்று சொன்னால் உள்ளே எங்கேயாவது ஒரு மூலையில் நிம்மதி வருமா. தேடிப் பார்த்தான், பயந்துகொண்டேதான் தேடினான். வரவில்லை. மேலே படுத்திருக்கிறவளின் முகம்தான் வந்தது, அவள் போய்விடுவாளோ என்ற பயம்தான் வந்தது. அப்பாடா என்று மறுபடி நடந்தான். இப்படி ஒரு பயம் வந்ததற்காக ஒருவன் சந்தோஷப்பட முடியும் என்று அவனுக்கு முன்னே தெரியாது.

அன்றைக்கு அக்கா சிரிப்பை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, பயமா இருந்தா சொல்லிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றாள். இல்லக்கா என்று சொல்லத்தான் வாய் வந்தது. "ஆமாக்கா, பயமா இருக்கு" என்றது. அக்கா, "எனக்கும்தான்டா" என்றாள். "பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ பாட்டுக்கு நட. எங்க நடக்கன்னு தெரியலன்னா என் ஏரியாவுல நட. எந்த வீட்டுல நாய் இருக்கு, எந்தச் சந்துல சாக்கடை தொறந்து கெடக்குன்னு சொல்றேன்." பட்டையைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதுதான் அவள் கொடுத்தது, ஒரு ஊரின் பாதித் தெருக்கள். காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் ஒரு மணி நேரம். முதல் வாரம் பாவடித் தெரு முடிவதற்குள் மூச்சு வாங்கி மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், தொடை ரெண்டும் உரசிப் புண்ணாகி செண்பகம் தேங்காயெண்ணெய் கொடுத்தாள், நாற்காலிச் சக்கரத்துக்கு விடுகிற எண்ணெய் கடைசியில் அவனுக்கே வந்து சேர்ந்தது. மூன்றாவது வாரம் தறிச் சத்தத்தைக் கேட்டே எந்த வீட்டைத் தாண்டுகிறோம் என்று சொல்ல முடிந்தது. மீட்டரக்கா தம்பியா என்று கேட்டார்கள். மூக்கு அப்படியே இருக்கே என்றார்கள். அக்கா எப்படி இருக்கு, எப்ப வரும், எங்க வீட்டுப் பக்கம் வந்தா ஒரு வாய் மோர் குடிக்காமப் போகாது, இந்தாங்க நீங்க குடிங்க. உப்போடையில் ஒரு வீட்டில் மீட்டர் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது, அதற்குக் கீழே ஒரு பழைய ஆட்டுக்கல்லைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். எதுக்கு இது என்று கேட்டான். "ஒங்க அக்காவுக்கு எட்டாதுய்யா, அது ஏறிப் பாக்கட்டும்னு போட்டது. அது வரவரைக்கும் எடுக்க மாட்டோம்" என்றது அந்த வீட்டம்மா. அவன் அந்தக் கல் மேல் ஏறி நின்று பார்த்தான், எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது, மீட்டருக்குள் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. இறங்கும்போது முழங்கால் வலிக்கவில்லை. அப்போதுதான் அது தெரிந்தது, கொஞ்ச நாளாகவே வலிப்பதில்லை. குனிந்து செருப்பு வாரை மாட்டும்போது மூச்சு முட்டுவதில்லை, ராத்திரி செண்பகம் குறட்டைக்காக உலுக்குவதில்லை, மத்தியானம் மூன்று மணிக்குக் கண்ணைச் சொருகுவதில்லை. எண்பத்து நாலு கிலோ. யாருக்கோ கொடுப்பதற்காக உடம்பைச் சுத்தம் செய்யப் போனவனுக்கு, போன இடத்தில் உடம்பே திரும்பக் கிடைத்திருந்தது. இதற்கு யாரிடம் போய் நன்றி சொல்வது. அக்காவிடம் நன்றி என்று சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அந்த மோர் கொடுத்த அம்மாவிடம், பாதி இட்லித் தட்டை எடுத்து ஒளித்து வைத்த செண்பகத்திடம், குரைத்துத் துரத்தி அவனை இரண்டு தடவை ஓடவே வைத்த அந்தக் கறுப்பு நாயிடம், எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் நாற்பத்தெட்டு நாள் போதுமா, போதாதா, அந்தப் பன்னிரண்டு நாளும் சேர்ந்திருந்தால். அப்புறம் அந்த வடை.

"தனுஷ்கோடி யாருங்க?" என்று கதவு திறந்தது. யாருங்க என்று கேட்ட நர்ஸுக்கு முன்னாலேயே அவன் நின்றிருந்தான். உள்ளே டாக்டர் இம்மானுவேல் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பது கெட்ட சகுனம், கெட்ட செய்தி சொல்கிறவர்கள்தான் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அப்பா விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. "உக்காருங்க சார்." உட்காரவில்லை. "டாக்டர், ஒண்ணு சொல்லிர்றேன், நாப்பத்தோராம் நாள் ஒரு வடை தின்னுட்டேன்" என்றான். டாக்டர் இப்போது திரும்பினார். "ஒரு வடையா?" "ஒண்ணுதான். உளுந்து வடை." அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸும் சிரித்துவிட்டாள். "அது எங்கயும் காணோம் சார்" என்று படத்தைக் காட்டினார், "போன தடவ முப்பது சதவீதம். இன்னைக்கு ஏழு. பத்துக்குள்ள இருந்தா எங்களுக்குப் போதும். அடுத்த வியாழக்கிழமை வச்சுக்கலாம். என்ன சார் பண்ணீங்க?" "நடந்தேன் டாக்டர்." டாக்டர் இன்னும் ஏதேதோ சொன்னார், ஆபத்து இல்லைன்னு சொல்ல மாட்டேன், எல்லா ஆபரேஷன்லயும் இருக்கு, மறுநாளே எழுப்பி நடக்க விடுவோம், அதுல மட்டும் உங்களுக்குக் கஷ்டம் இருக்காது. அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். கத்தி அப்படியேதான் இருந்தது, கோடு அப்படியேதான் இருந்தது, பயமும் அது பாட்டுக்கு இருந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். செக்யூரிட்டி முகத்தைப் பார்த்தே, "நல்லதா சார்?" என்று கேட்டார். "நல்லதுண்ணே" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான், முன்பின் தெரியாத மனுஷன், அவரும் எழுந்து நின்று குலுக்கினார்.

லிஃப்டுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். படியில் ஏறினான். மூன்று மாடி, நடுவில் நிற்கவில்லை. அக்கா கட்டிலில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தாள், நேற்று வயிற்றிலிருந்து நீர் எடுத்திருந்ததால் கொஞ்சம் சின்னதாக, யாரோ மாதிரி தெரிந்தாள். செண்பகம் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தவள் உரிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். "ரீடிங் என்னடா?" என்றாள் அக்கா, திரும்பாமலே. "ஏழு." "முன்ன?" "முப்பது." செண்பகம் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், அவளுக்கு அது சந்தோஷம் மட்டும் இல்லை என்று அவனுக்குத் தெரியும், அவள் தோளை ஒரு தடவை தொட்டான். அக்கா மெல்லத் திரும்பிச் சாய்ந்து உட்கார்ந்தாள். மஞ்சள் கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது. இதைச் சொல்லாமல் கத்திக்குக் கீழே போய்ப் படுக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது, ஏன் இப்போது என்றால் இப்போதுதான். "அக்கா, அந்தப் பட்டை தப்புத்தப்பா ஓடுறது எனக்கு நாலாம் நாளே தெரியும்க்கா. தெரிஞ்சேதான் சட்டையால மூடி வச்சிருந்தேன்." செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை. "தெரியும்டா" என்றாள். "மீட்டர்ல கை வச்சவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு இருவத்து மூணு வருசமா பாத்தவ நான். அன்னைக்கு வாசல்ல நீ நொழைஞ்சப்பவே தெரியும்." தெரிந்துதான் சிரித்திருக்கிறாள், தெரிந்துதான் பயமா என்று கேட்டிருக்கிறாள், தெரிந்துதான் தெருக்களைக் கொடுத்தாள். அவன் நடக்காமலே இருந்திருந்தால் அதையும் தெரிந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் கண்ணை மூடியிருப்பாள். "ரொம்ப நன்றிக்கா" என்று சொல்லிவிட்டான், வாழ்நாளில் முதல் தடவையாக. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. "செருப்பக் கொண்டா" என்றாள். கழற்றிக் கொடுத்தான், இந்தத் தடவை கூசவில்லை. அவள் அதைத் திருப்பி, மெலிந்த விரலால் அடிப்பக்கத்தைத் தடவினாள். வரிக்கோடு ஒன்றும் இல்லை, வழவழவென்று இருந்தது, குதிகால் பக்கம் தேய்ந்து தேய்ந்து ஒரு சின்ன ஓட்டையே விழுந்திருந்தது. அந்த ஓட்டையில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தாள், விரல் அந்தப் பக்கம் வந்தது. "உப்போடைக் கருங்கல் ரோடு" என்றாள், "என் செருப்பெல்லாம் அங்கதான் போகும்." கொஞ்ச நேரம் செருப்பை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் இருந்த ஸ்டூலைக் காட்டி, "நடந்தது போதும், இப்ப உக்காரு" என்றாள். அவன் உட்கார்ந்தான்.